லாரிச் சாரதிகளின் தொழிற்பயிற்சி: அமெரிக்க தேச சரித்திரம் உணர்த்துவது

ஒரு தேசத்தின் செல்வம் அதன் வயல்களிலும் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பிறக்கின்றது என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், பிறந்த பொருள் பிறந்த இடத்திலேயே கிடப்பின் அதனால் யாருக்கு என்ன பயன்? விளைந்த நெல் பசித்தவன் இல்லத்தை அடையும்போதுதான் உணவாகின்றது. நெய்த ஆடை உடுப்பவன் கையைச் சேரும்போதுதான் ஆடையாகின்றது. இவ்வாறு பொருளைப் பயனாக்கித் தருபவன், இரவு பகலாகக் கண்விழித்துச் சாலையில் வண்டியோட்டும் சாரதி. அவனை நாம் நாள்தோறும் காண்கின்றோம். எனினும் அவன் அத்தொழிலை எங்கே கற்றான், யாரிடம் கற்றான், கற்பதற்கான செலவை யார் ஏற்றனர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இக்கேள்விகளுக்கு விடை காண விரும்புவோர்க்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரம் நல்லதொரு பாடபுத்தகமாம். அங்கே சர்க்கார், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள், கல்லூரிகள், இராணுவம் ஆகிய ஐந்து பகுதியாரும் நூறாண்டுகளுக்கு மேலாக ஒருவரோடொருவர் சேர்ந்தும் பிரிந்தும் சாரதிகளைப் பயிற்றும் வேலையில் ஈடுபட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் சேர்ந்து செய்தனவெல்லாம் நன்மையாய் முடிந்தன என்று சொல்வதற்கில்லை. எந்தக் கூட்டு கற்பவனை உயர்த்தியது, எந்தக் கூட்டு அவனைக் கட்டிப்போட்டது என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

குதிரை வண்டியும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வருமுன் அமெரிக்க நகரங்களில் சரக்கு ஏற்றிச் சென்றவை குதிரை வண்டிகளே. சேர்த்துப் பூட்டிய குதிரைகளை ஆங்கிலத்தில் ‘டீம்’ என்பர்; அவற்றை ஓட்டுவோன் ‘டீம்ஸ்டர்’. 1903ஆம் வருஷம் நயாகரா நீர்வீழ்ச்சி நகரிற் கூடி இவ்வண்டிக்காரர்கள் நிறுவிய சங்கமே இன்றளவும் லாரிச் சாரதிகளின் பெருஞ்சங்கமாக விளங்கும் டீம்ஸ்டர் சங்கம். குதிரை போய் மோட்டார் வந்த பின்னும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. பெயர் மட்டுமோ? தொழில் கற்கும் முறையும் நெடுநாள் பழைய முறையாகவே நின்றது. அநுபவமுள்ளவன் பக்கத்தில் அமர்ந்து, மூட்டை ஏற்றி இறக்கி, கண்ணாற் கண்டதைக் கையாற் செய்து பழகுவதே அக்காலத்துக் கல்வி. நம் நாட்டில் கிளீனராகச் சேரும் பையன் சில வருஷங்களிற் சாரதியாவதை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

மோட்டார் ஓட்டுவோர் லைசென்ஸ் பெறவேண்டும் என்று முதன்முதல் 1903ஆம் வருஷம் மாஸசூஸெட்ஸ், மிஸ்ஸௌரி ஆகிய இரண்டு மாகாணங்கள் விதி செய்தன. ஆயின் ஒவ்வொரு மாகாணமும் தன் விருப்பப்படி நடந்தமையால், தென் டக்கோடா மாகாணத்தில் 1954ஆம் வருஷம் வரை லைசென்ஸ் என்பதே இல்லை. பரீட்சை 1959ஆம் வருஷத்தில்தான் வந்தது. ஒரு மாகாணத்தில் பெருவண்டி ஓட்டத் தனிப் பரீட்சை வேண்டும்; அடுத்த மாகாணத்திலோ சிறு மோட்டார் ஓட்டும் லைசென்ஸே அதற்கும் போதுமானது. லாரியோ மாகாண எல்லையை மதித்து நிற்பதன்று. ஓரிடத்துக் கவனக்குறைவு ஓரிடத்தோடு நிற்காமல் தேசமெங்கும் ஓடிற்று.

இராணுவம் கண்ட குறை

1919ஆம் வருஷம் ஜூலை மாதம் 7ந் தேதி வாஷிங்டன் நகரினின்று ஓர் இராணுவ மோட்டார் அணி புறப்பட்டது. ஏறக்குறைய எண்பது வண்டிகள். ஏறக்குறைய முந்நூறு வீரர். சேரவேண்டிய இடம் மேற்குக் கடற்கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ. தூரம் சுமார் 3,250 மைல். அறுபத்திரண்டு நாட்கள் சென்று, செப்டம்பர் 6ந் தேதிதான் அவ்வணி அந்நகரை அடைந்தது. பிற்காலத்தில் அந்நாட்டின் அதிபராக விளங்கிய ஐஸன்ஹோவர் அப்போது இளம் இராணுவ உத்தியோகஸ்தராய் உடன் சென்றார். வழியிற் பாலங்கள் முறிந்தன. வண்டிகள் சேற்றிலும் மணலிலும் அழுந்தின. சாலைகள் இவ்வளவு கேடுற்றிருந்தமையைப் பலரும் எடுத்துரைப்பர். ஆனால் அதே பிரயாணம் வெளிப்படுத்திய மற்றொரு குறையைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர். வண்டியோட்டிய வீரருட் பலர் அவ்வேலையிற் போதிய பயிற்சி இல்லாதவர்களாயிருந்தனர் என்பதே அக்குறை.

அப்பிரயாணம் காட்டிய குறைகள் இரண்டு. சாலைக் குறையைத் தீர்ப்பதற்கு அந்நாடு 1956ஆம் வருஷம் ஒரு பெருஞ்சட்டம் செய்து, சுமார் 41,000 மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைகளை அமைக்கத் துணிந்தது. அச்சட்டத்திற்குக் கையொப்பமிட்டவரும் அதே ஐஸன்ஹோவர்தான். சாரதியின் பயிற்சிக் குறையைத் தீர்க்க தேசம் முழுவதற்கும் பொதுவான விதி நடைமுறைக்கு வந்ததோ 2022ஆம் வருஷத்தில். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் முப்பத்தேழு வருஷத்தில் வழி பிறந்தது. மனிதனின் கைத்திறனுக்கு வழி பிறக்க நூற்றுமூன்று வருஷம் சென்றது! இந்த வேற்றுமையே நமது ஆராய்ச்சிக்கு முதற்படி.

தொழிற்கல்வியைப் பற்றி அந்நாட்டார் சிந்தியாதவர்கள் என்று நினைத்தல் ஆகாது. 1917ஆம் வருஷத்து ஸ்மித்-ஹ்யூஸ் சட்டத்தால் தொழிற்கல்விக்கு மத்திய சர்க்கார் மாகாணங்களுக்குப் பொருளுதவி செய்யத் தொடங்கினர். 1937ஆம் வருஷத்துத் தொழிற்பயிலுநர் சட்டம், வேலை செய்துகொண்டே கூலியும் பெற்றுக் கற்கும் முறைக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. எனினும் இம்முறை கட்டிட வேலை முதலிய தொழில்களிலேயே பெரிதும் வேரூன்றிற்று. வண்டியோட்டுவது ஒரு கலையன்று, கையும் காலும் உள்ள எவனும் செய்யக்கூடியது என்ற தவறான எண்ணம் லாரித் தொழிலை அம்முறைக்குப் புறம்பே நிறுத்திவிட்டது. 1935ஆம் வருஷம் மோட்டார்ச் சரக்குத் தொழிலை மத்திய சர்க்காரின் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்த சட்டமும், அதன் கீழ்ப் பிறந்த விதிகளும், வாடகையையும் வழிகளையும் வேலை நேரத்தையும் வரையறுத்தன. சாரதியாவதற்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதை வரையறுக்கவில்லை.

யுத்தத்திலே திறந்த கதவு, சமாதானத்திலே மூடிய கதவு

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944ஆம் வருஷம் ஆகஸ்ட் 25ந் தேதி முதல் நவம்பர் 16ந் தேதி வரை, பிரான்ஸ் தேசத்தில் முன்னேறிச் சென்ற அமெரிக்கப் படைகளுக்கு உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் கொண்டு சென்ற லாரி அணிக்கு ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அது உச்சநிலையில் இருந்தபோது ஏறக்குறைய ஆறாயிரம் வண்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 12,500 டன் சரக்கைச் சுமந்தன. அவற்றை ஓட்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தைச் சேர்ந்த வீரர்கள். விளக்கை மறைத்துக்கொண்டு, உறக்கமின்றி, சிதைந்த சாலைகளில் அவர்கள் ஓட்டிய ஓட்டம் நின்றிருக்குமாயின் பெரும்படைகளின் முன்னேற்றமும் நின்றிருக்கும்.

யுத்தம் முடிந்து வீரர் ஊர் திரும்பினர். போர்வீரர் கல்வி பெறுவதற்காக 1944ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1949ஆம் வருஷம் வட கரோலினா மாகாணத்தில் ஸர்க்கார் கல்லூரியைச் சார்ந்து லாரிச் சாரதிகளுக்கென ஒரு பள்ளிக்கூடம் தோன்றிற்று. அது பின்னர் ஸ்மித்ஃபீல்ட் நகரிலுள்ள ஜான்ஸ்டன் சமுதாயக் கல்லூரிக்கு மாறி, அந்நாட்டின் மிகப் பழைய லாரிப் பயிற்சிப் பள்ளியென்று பெயர் பெற்றது. இவ்வாறு கல்லூரிகள் இத்தொழிலிற் கருத்தைச் செலுத்தத் தொடங்கியது நற்குறியே.

ஆனால் கற்றவனுக்கெல்லாம் வேலை கிடைத்ததா? இங்கேதான் சரித்திரத்தின் கசப்பான ஏடு ஒன்றைப் புரட்ட வேண்டியிருக்கின்றது. அந்நாட்டில் நகருக்குள் ஓட்டும் வேலை வேறு. நகர் விட்டு நகர் செல்லும் நெடுவழி வேலை வேறு. நெடுவழிச் சாரதிக்குக் கூலி அதிகம், மதிப்பும் அதிகம். அவ்வேலை கறுப்பினத்தார்க்கும் ஸ்பானிய வமிசத்தார்க்கும் பெரும்பாலும் எட்டாக் கனியாக வைக்கப்பட்டிருந்தது. 1977ஆம் வருஷம் மே மாதம் 31ந் தேதி அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் டீம்ஸ்டர் சங்கமும் ஒரு பெரிய லாரிக் கம்பெனியும் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிற் காணும் கணக்கு இது: 1971ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் அக்கம்பெனியின் 1,828 நெடுவழிச் சாரதிகளிற் கறுப்பினத்தார் 8 பேர், ஸ்பானியப் பெயருடையார் 5 பேர். அவ்வெண்மரும் சர்க்கார் வழக்குத் தொடுத்த பின்னர் அமர்த்தப்பட்டவர்களே. பிரான்ஸ் தேசத்திற் படைக்குச் சோறு சுமந்த கைகள் தாய்நாட்டிற் சரக்குச் சுமக்கத் தகுதியற்றவை ஆயினவாம்!

நியாயஸ்தலத்தார் கம்பெனி வேற்றுமை பாராட்டியது உண்மையே என்று கண்டனர். ஆயினும் கம்பெனியும் சங்கமும் செய்துகொண்ட முதுமை வரிசை ஒப்பந்தத்தைச் சட்டம் பாதுகாக்கின்றது என்றும் முடிவு செய்தனர். அவ்வொப்பந்தப்படி, நகர வேலையிற் பல வருஷம் உழைத்தவன் நெடுவழி வேலைக்கு மாறினால், தன் வரிசையை இழந்து நேற்று வந்தவனுக்கும் பின்னே நிற்கவேண்டும். ஆகவே 1964ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்த 1965ஆம் வருஷம் ஜூலை 2ந் தேதிக்கு முன்னர்த் தடுக்கப்பட்டவர்களுக்கு வரிசைப் பரிகாரம் கிட்டவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துரைத்தோம்? கம்பெனியும் சங்கமும் கைகோத்து நிற்பது மட்டும் நன்மையாகிவிடாது என்பதைக் காட்டவே. 1964ஆம் வருஷம் டீம்ஸ்டர் சங்கம் தேசம் முழுவதற்கும் ஒரே கூலி ஒப்பந்தம் செய்து, நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சாரதிகளின் வாழ்வை உயர்த்தியது பெருஞ்சாதனையே. ஆனால் உள்ளே இருப்பவர்க்கு அரணாக நின்ற சுவர், வெளியே நின்றவர்க்குத் தடையாகவும் நின்றது. பிறப்பைக் கொண்டு தொழிற்கதவை அடைக்கும் வழக்கம் எத்தேசத்தில் இருப்பினும் அதன் பயன் ஒன்றே: திறமை வீணாகும், தேசம் குன்றும்.

கட்டுப்பாடு நீங்கிய பின்

1980ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதி அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், 1935ஆம் வருஷம் முதல் இருந்துவந்த வாடகை, வழிக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் தளர்த்தியது. புதுக் கம்பெனிகள் மழைக்காளான் போல் முளைத்தன. சரக்குக் கூலி இறங்கிற்று, வணிகர் மகிழ்ந்தனர், பொருள் வாங்குவோர்க்கும் நன்மை உண்டாயிற்று. ஆயின் இறக்கத்தின் சுமை சாரதியின் தோளில் விழுந்தது. சங்கத்தின் வலிமை குறைந்தது. கூலியின் உண்மை மதிப்பும் குறைந்தது. ஓடிய மைலுக்குத்தான் கூலி. சரக்கு ஏற்ற இறக்கக் காத்துக் கிடக்கும் நேரத்துக்குப் பலவிடங்களிற் கூலி இல்லை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி தரவேண்டும் என்ற 1938ஆம் வருஷத்துச் சட்டமும் இத்தகைய சாரதிகளுக்கு விலக்கு அளித்திருந்தது. மைக்கேல் பெல்ஸர் என்னும் பேராசிரியர் 2000ஆம் வருஷம் வெளியிட்ட ‘ஸ்வெட்ஷாப்ஸ் ஆன் வீல்ஸ்’ என்னும் நூலில் இந்நிலையை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார்.

இதன் பயன் யாதாயிற்று? வாரக்கணக்கில் வீடு காணாமல், உறங்குவதும் உண்பதும் வண்டியிலேயே ஆகி, கையிற் கிடைக்கும் கூலியும் நிச்சயமில்லாத வேலையிற் சேர்ந்தவர்கள் ஓரிரு மாதங்களில் விலகலாயினர். நெடுவழி ஓட்டும் பெருங்கம்பெனிகளில், ஒரு வருஷத்தில் விலகுவோர் தொகை மொத்தச் சாரதிகளின் தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்படுவது பல வருஷங்களிற் சாதாரணமாயிற்று. ஓட்டைக் குடத்தில் நீர் நிறைக்க முயல்பவனைப்போல், கம்பெனிகள் புதுச் சாரதிகளைப் பயிற்றிக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று. ‘ஆள் பஞ்சம், ஆள் பஞ்சம்’ என்ற கூக்குரலும் எழுந்தது. 2021ஆம் வருஷம் லாரி முதலாளிகளின் சங்கம், சாரதிகள் 80,000 பேர் குறைவு என்று மதிப்பிட்டது. ஆனால் 2019ஆம் வருஷம் அந்நாட்டுத் தொழிற்புள்ளிவிவர இலாகாவின் சஞ்சிகையில் எழுதிய பர்க்ஸ், மொனாக்கோ என்னும் இரு பொருளியல் அறிஞர்கள், சாரதிகளின் வேலைச் சந்தை மற்ற வேலைச் சந்தைகளைப் போலவே கூலிக்கு ஏற்ப இயங்குகின்றது என்று காட்டினர். ஆள் இல்லாமையன்று, வந்த ஆள் நில்லாமையே நோய் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் பரீட்சை கேட்டது, பயிற்சி கேட்கவில்லை

இக்காலத்தில் விபத்துக்கள் குறித்தும் கவலை மிகுந்தது. ஒரே சாரதி பல மாகாணங்களிற் பல லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றிற் குற்றம் பதிவானால் மற்றொன்றைக் காட்டித் தப்பும் வழக்கம் பரவியிருந்தது. 1986ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. ஒருவனுக்கு ஒரே லைசென்ஸ். அது ‘கமர்ஷியல் லைசென்ஸ்’. எழுத்துப் பரீட்சையும் ஓட்டுப் பரீட்சையும் தேறினால்தான் கிடைக்கும். 1992ஆம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி முதல் இது கண்டிப்பாய் நடைமுறைக்கு வந்தது. இழுவை வண்டியும் பின்வண்டியும் சேர்ந்து 26,001 ராத்தலும் அதற்கு மேலும் நிறைதாங்குவனவாய், பின்வண்டி மட்டும் 10,000 ராத்தலுக்கு மேற்பட்டதாயின் அதற்கு ‘ஏ’ வகுப்பு லைசென்ஸ் வேண்டும்.

நல்ல சட்டமே, ஆயின் பரீட்சை வேறு, பயிற்சி வேறு அன்றோ? தேறுவதற்கு வேண்டிய சில வித்தைகளை மட்டும் ஒருசில நாட்களிற் சொல்லித்தந்து பணம் பறிக்கும் பள்ளிகள் தோன்றின. நன்முறையில் நடக்க விரும்பியோர் வாளாவிருக்கவில்லை. சர்க்கார் 1980க்குப் பின் நடுவாண்டுகளில் ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டனர். 1986ஆம் வருஷம் தோன்றிய தொழில்முறை லாரிச் சாரதிகள் கழகம் அத்தகைய பாடங்களைச் சோதித்து நற்சான்று வழங்கிற்று. ஆனால் அது விரும்பினோர் பெறுவது, கட்டாயமன்று.

1991ஆம் வருஷம் காங்கிரஸ் மகாசபை, புதிய சாரதிகளுக்குப் பயிற்சி கட்டாயமாக்குவதைப் பற்றி ஆராயுமாறு இலாகாவுக்குக் கட்டளையிட்டது. 2004ஆம் வருஷம் வந்த விதி, வண்டியோட்டும் பயிற்சியையே தொடாமல் நான்கு ஏட்டுப் பாடங்களை மட்டும் விதித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ? 2005ஆம் வருஷம் நியாயஸ்தலம் அவ்விதி போதாதென்று கூறித் திருப்பியனுப்பியது. 2007ஆம் வருஷம் ‘ஏ’ வகுப்புக்கு 120 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற யோசனை வெளிவந்து, 2013ஆம் வருஷம் கைவிடப்பட்டது. இதற்கிடையே 2012ஆம் வருஷத்துச் சட்டம் மீண்டும் வற்புறுத்தியது.

2015ஆம் வருஷம் நடந்தது குறிப்பிடத்தக்கது. கம்பெனியார், சங்கத்தார், பள்ளி நடத்துவோர், மாகாண உத்தியோகஸ்தர், சாலைப் பாதுகாப்புக்காகப் பாடுபடுவோர் முதலிய பல தரத்தினரைக் கொண்ட ஒரு குழு கூடி, பேசி, உடன்பாடு கண்டது. அதன் அடிப்படையில் 2016ஆம் வருஷம் டிசம்பர் மாதம் விதி வெளியாகி, 2020ஆம் வருஷம் தொடங்கவேண்டியது இரண்டு வருஷம் தள்ளிப்போய், 2022ஆம் வருஷம் பிப்ரவரி 7ந் தேதி நடைமுறைக்கு வந்தது. இப்போது பதிவேட்டிற் பெயர் பதிந்த பள்ளியிலோ கம்பெனியிலோ பயின்று, ஏட்டுப்பாடத்தில் நூற்றுக்கு 80க்குக் குறையாமல் எடுத்து, மைதானத்திலும் சாலையிலும் ஓட்டித் திறமை காட்டினாலன்றிப் புதியவர் பரீட்சைக்குப் போக முடியாது. ஆயினும் இவ்வளவு மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்ற அளவு விதியில் இல்லை. தான் தகுதியுடையது என்று பள்ளி தானே உறுதிமொழி அளித்துப் பதிவு செய்துகொள்ளலாம். முப்பது வருஷம் காத்திருந்து பெற்ற விதியிலும் ஓட்டை இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது.

கடனாக மாறிய கல்வி

பயிற்சிக்குப் பணம் வேண்டும். அது பல்லாயிரம் டாலர் ஆகும். வேலை தேடி வருபவன் கையில் அது இராது. ‘நாங்களே பயிற்றுகின்றோம், ஒரு வருஷம் எங்களிடம் வேலை செய், முன்னரே விலகினால் செலவைத் திருப்பித் தா’ என்று கம்பெனிகள் அழைத்தன. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நியாயமே. பயிற்றியவன் தன் முதலை இழக்க விரும்புவானா? இத்தகைய ஒப்பந்தங்கள் விலகுவோர் தொகையை ஓரளவு குறைக்கின்றன என்றும், அதனாலேயே கம்பெனிகள் பயிற்சியில் முதலிடத் துணிகின்றன என்றும் அறிஞர்கள் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர்.

ஆனால் கூலியும் மரியாதையும் தந்து நிறுத்துவது ஒன்று. கடனைக் காட்டி நிறுத்துவது மற்றொன்று. 2019ஆம் வருஷம் ஜனவரி மாதம் 15ந் தேதி உச்ச நியாயஸ்தலம் தீர்த்த வழக்கொன்றில், வழக்காளியாகிய சாரதி சொன்னது இது: தாம் பயிலும்போது பதினாயிரம் மைல் சரக்கு ஏற்றிச் சென்றும் கூலி இல்லை, கைச்செலவுக்குத் தந்த பணமும் கடனாகவே எழுதப்பட்டது, பின்னர் ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’ என்ற பெயரில் வண்டி வாடகையும் கருவிகளின் விலையும் தம் கூலியிற் பிடிக்கப்பட்டன. நியாயஸ்தலத்தின் முன் நின்ற கேள்வி, இவ்வழக்கைப் பொது நியாயஸ்தலம் விசாரிக்கலாமா, அன்றி ஒப்பந்தப்படி தனி மத்தியஸ்தரிடமே போகவேண்டுமா என்பது. பெயர் எதுவாயினும் சாரதி செய்வது வேலையே. ஆதலின் 1925ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டத்தைக் கொண்டு அவரைக் கட்டுப்படுத்தலாகாது என்று நியாயாதிபதிகள் ஒருமனதாய்த் தீர்த்தனர். ஒப்பந்தத்தின் பெயரை நோக்காது அதன் உள்ளுறையை நோக்கிய தீர்ப்பு அது.

பங்கு பிரித்துச் சுமந்தவர்கள்

சுமையைப் பலர் பகிர்ந்துகொண்ட வழியும் அந்நாட்டில் உண்டு. வேலையற்றோரைப் பயிற்றச் சர்க்கார் பணம் செலவிடும் வழக்கம் 1962ஆம் வருஷத்துச் சட்டத்தால் விரிவாகத் தொடங்கிற்று. அது 1973, 1982, 1998 ஆகிய வருஷங்களிற் புதுப்பிக்கப்பட்டு, 2014ஆம் வருஷத்துச் சட்டமாக உருக்கொண்டது. இதன்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு தொழிலாளர் அபிவிருத்தி மன்றம் உண்டு. அதில் வணிகர் பெரும்பாலோர். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தொழிலாளர் தரப்பினர். கல்விச்சாலையினருக்கும் இடம் உண்டு. தகுதியுடையவன் தனக்கு வகுத்த தொகையைக் கொண்டு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுள் தனக்கு விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையில் வைத்தே பயிற்றும் முதலாளிக்குக் கூலியிற் பாதி வரையிலும், சில சமயம் முக்காற்பங்கு வரையிலும் ஈடுசெய்யவும் சட்டம் இடந்தருகின்றது.

இம்முறையின் சிறப்பு யாதெனின், கற்றவன் கைக்குக் கிடைக்கும் லைசென்ஸ் அவனுக்கே சொந்தம். எவருக்கும் கடன்பட்டவன் அல்லன். சமுதாயக் கல்லூரி பாடம் சொல்கின்றது. மன்றம் பணம் தருகின்றது. கம்பெனிகள் எத்தகைய திறமை வேண்டும் என்று சொல்லி, முடித்தவரை அழைத்துக்கொள்கின்றன. அவ்வாறே, ஏ.பி.எப். பிரெய்ட் கம்பெனியும் டீம்ஸ்டர் சங்கமும் இராணுவமும் சேர்ந்து, கான்ஸாஸ் மாகாணத்து ரைலிக் கோட்டையில், படையினின்று விலகும் வீரர்களுக்குச் சில வாரங்கள் இலவசப் பயிற்சி அளித்து, சங்கக் கூலியுள்ள வேலைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தன. 1919ஆம் வருஷம் பயிற்சியற்ற வீரரைச் சாலைக்கு அனுப்பிய இராணுவம், பயின்ற சாரதிகளை நாட்டுக்கு அளிக்கும் நிலைக்கு வந்தமை மகிழத்தக்கதே.

1937ஆம் வருஷத்துத் தொழிற்பயிலுநர் முறையும் கடைசியாக லாரித் தொழிலை அடைந்தது. 2021ஆம் வருஷம் டிசம்பர் மாதம் தொழிலாளர் இலாகாவும் போக்குவரத்து இலாகாவும் சேர்ந்து, தொண்ணூறு நாட்களில் இம்முறையை லாரிக் கம்பெனிகளிடையே பரப்ப முனைந்தன. மாகாண எல்லை கடந்து ஓட்ட 21 வயது வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 18 முதல் 20 வயதினரைச் சோதனையாகப் பயிற்றவும் அவ்வருஷத்துச் சட்டம் இடந்தந்தது. அநுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்க, 120 மணி நேரமும் பின்னர் 280 மணி நேரமும் அவர்கள் பழகவேண்டியிருந்தது. ஒரே சமயத்தில் மூவாயிரவர் வரை சேரலாம் என்று வகுக்கப்பட்டும், சேர்ந்தவர் மிகச் சிலரே. விதை நல்லதாயினும், கூலியும் வாழ்வும் ஆகிய நிலம் பண்படாவிடின் பயிர் எங்ஙனம் செழிக்கும்?

முடிவுரை

அன்பர்களே! இவ்வளவு நீண்ட சரித்திரத்தினின்று நாம் எடுத்துக்கொள்ளத்தக்க உண்மை ஒன்றே. தொழிற்பயிற்சியிற் பலர் கூட்டாவது நன்று. ஆனால் அக்கூட்டில் கற்பவனும் ஒரு பங்காளியாக இருத்தல் வேண்டும். கம்பெனியும் சங்கமும் மட்டும் கூடியபோது வெளியே நின்றவனுக்குக் கதவு அடைபட்டது. கம்பெனி தனித்து நின்றபோது உள்ளே வந்தவனுக்குக் கடன் விலங்காயிற்று. சர்க்கார் தனித்து நின்றபோது பரீட்சை பிறந்தது, பயிற்சி பிறக்கவில்லை. கற்பவனின் நன்மையை நடுவில் வைத்துப் பலரும் சுமையைப் பகிர்ந்தபோதுதான், தொழில் அவனுக்குச் சொத்தாயிற்று.

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் நாட்டிலும், பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்புவோர் பலர். எந்தப் பயிற்சிக்கு அனுப்பினும், அனுப்புமுன் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்டல் வேண்டும். செலவு யாருடையது, இடையில் விலகினால் யாருக்குக் கடன்? கிடைக்கும் சான்று எந்த முதலாளியிடமும் செல்லுமா, அன்றி ஒருவரிடம் மட்டுமா? வல்லவர் பக்கத்தில் இருக்க எத்தனை மணி நேரம் வண்டியைக் கையிற் பிடித்து ஓட்டலாம்? முன்பு பயின்று வேலைக்குச் சென்றவரில் எத்தனை பேர் ஒரு வருஷம் கழித்தும் அவ்வேலையில் நிற்கின்றனர்? இந்நான்காவது கேள்விக்கு நேரான விடை சொல்லத் தயங்கும் இடத்திற்குப் பிள்ளையை அனுப்பாதிருத்தலே நலம்.

பயிற்சி நடத்தும் செல்வர்களுக்கும் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தொழில் கற்பிப்பது அவனைத் தம்மிடம் நிறுத்திவைப்பதற்காக அன்று. அவன் எங்குச் சென்றாலும் தலைநிமிர்ந்து நிற்பதற்காக. அங்ஙனம் நிமிர்ந்து நிற்கும் சாரதி, தன்னை மதிக்கும் இடத்தைத் தானே விட்டுப் போகான்.